முகாம் மக்களுக்கு நலத்திட்டம்: தயவா, உரிமையா?

"நம்ம ஊர் ஏழைக்கே பத்தலை, வெளிநாட்டுக்காரனுக்கு எதுக்கு?" இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களுக்கு அரசு எதை அறிவித்தாலும் தேநீர்க் கடையில் இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பவர்களில் நம் சேரி மக்களும் உண்டு. நம் தொகுப்பு வீடுகள் ஒழுகுகின்றன, பட்டா கிடைப்பதில்லை, கல்வி உதவித்தொகை காலம் கடந்து வருகிறது. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த 'வெளிநாட்டுக்காரர்' யார் என்று முதலில் பார்ப்போம்.

முகாமில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வரலாறு உடையவர்கள் அல்லர். வடக்கு, கிழக்கு இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் ஒரு பகுதி. இன்னொரு பகுதியினர் மலையகத் தமிழர். 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் கூட்டிச் சென்றவர்களின் வாரிசுகள். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பிப் போன அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அன்று தோட்டத்துக்குப் போன கூலிகளை நோய்ச் சோதனைக்கு நிறுத்தி வைத்த மண்டபம் முகாம்தான் பின்னாளில் அகதிகள் வந்து தங்கும் முகாமானது.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணிப் பிரித்தது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 1983இல் இனக் கலவரம் வெடித்தது. 1984இல் ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பல் நின்றது. அதுவரை கப்பலில் வந்தவர் 'தாயகம் திரும்பியோர்'. அவருக்கு வாக்குரிமை உண்டு, நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்ட வேலையும் உண்டு. அதன்பின் படகில் வந்தவர் 'அகதி'. அவரும் அதே தோட்டத் தொழிலாளியின் பிள்ளைதான். ஏறி வந்த வாகனம்தான் வேறு.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கும் விடிவில்லை. 1987 ஜூலை முதல், இங்கே பிறந்தாலும் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என மூன்று நாடுகளைக் குறிப்பிட்டது, இலங்கையை விட்டுவிட்டது.

தமிழ்நாடு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் ரூ.317.40 கோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 7,469 வீடுகள் கட்டித்தருவதாகச் சொன்னார்கள். மாத உதவி குடும்பத் தலைவருக்கு ரூ.1,500, மற்ற பெரியவர்களுக்கு ரூ.1,000, குழந்தைகளுக்கு ரூ.500 என உயர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் இவை அரசாணையால் வருபவை. சட்டத்தால் வருபவை அல்ல. 1991இல் காற்று திசை மாறியதும் தொண்டு நிறுவனங்கள்கூட முகாமுக்குள் போக முடியாத நிலை வந்தது. தயவாகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆண்டைகளின் தயவில் பிழைத்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது? வாக்கு, அரசுப் பணி போன்றவற்றைக் குடிமக்களுக்கு வைத்தது. ஆனால் பிரிவு 14இன் சமத்துவமும், பிரிவு 21இன் உயிர்வாழும் உரிமையும் 'எந்த நபருக்கும்' உரியவை. அண்ணல் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு தந்த சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்திருக்கிறது. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில், குடிமக்கள் அல்லாதோரின் உயிரையும் அரசு காக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். பசியோடும் நோயோடும் கிடப்பவருக்கு உயிர்வாழும் உரிமை இருந்து என்ன பயன்? எனவே ரேஷன், மருத்துவம், பள்ளி, தலைக்கு மேல் கூரை ஆகியவை இங்கே வாழ்பவருக்கு உரியவை என்கிறோம். பெயின்ட் அடித்துக் கூலி வாங்கும் முகாம் இளைஞர் சோப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டத்தான் செய்கிறார். வரி வாங்கும்போது யாரும் குடியுரிமை கேட்பதில்லை.

பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே. தோட்டத்தில் சாதி விட்டுவைக்கவில்லை. இங்கே சாதிக்கான நிவாரணம் மட்டும் கிடைக்கவில்லை. 1964 ஒப்பந்தத்தின் வழி வந்த குடும்பங்களுக்கு ஒன்றிய அரசு குடியுரிமை வழங்குவதே இதற்குத் தீர்வு.

"நம் பங்கு குறையுமே?" என்று மாணவர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். முகாம்களில் வாழ்வோர் ஏறக்குறைய 58,000 பேர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 1 கோடியே 44 லட்சம். முகாமிலுள்ள அத்தனை பேரும் நம் பட்டியலில் சேர்ந்தாலும் ஆயிரத்துக்கு நான்கு பேர்தான். நமக்கென ஒதுக்கிய நிதி செலவாகாமல் திரும்பிப் போவதற்கும், நிரப்பப்படாமல் கிடக்கும் பின்னடைவுப் பணியிடங்களுக்கும் முகாம்காரர் காரணமல்ல. அந்தக் கேள்வியைக் கோட்டையிடம் கேட்போம். முகாம் வாசலில் அல்ல.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நம் பட்டாவையும் தொகுப்பு வீட்டையும் பற்றிப் பேசும்போது, அருகில் முகாம் இருந்தால் அதன் குடிநீரையும் கூரையையும் சேர்த்துப் பேசுவோம். அவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. நமக்கு இருக்கிறது.