கொடுக்கல் வாங்கல்: கண்ணால் காணாத மின்சாரக் கார்

வளைகுடாவில் பணிபுரியும் வாசகச் சகோதரர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். ஊரில் இருக்கும் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் மின்சாரக் கார் ஒன்று வாங்கித் தர அவர் நாடுகிறார். மருத்துவமனைக்கும் வெளியூர்த் திருமணங்களுக்கும் புறப்படும்போதெல்லாம் முதிய பெற்றோர் வாடகைக் காருக்காகக் காத்துக் கிடப்பது அவருக்கு மனவேதனை. அங்கிருந்தபடியே ஆன்லைனில் பணத்தைச் செலுத்திவிட்டால் கார் வீடு தேடி வந்துவிடும் என்பது அவர் எண்ணம். வாப்பாவோ, ஷோரூமுக்குப் போய்க் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் வாங்குவேன் என்று நிற்கிறார். இருவரில் யார் பக்கம் நியாயம் என்பது சகோதரரின் கேள்வி. காணாத பொருளுக்கு முன்பணம் கொடுப்பது மார்க்கத்தில் ஆகுமா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

மகன் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் முகவர் எவரையும் இடையில் வைக்காமல், கம்பெனியே நேராக வாடிக்கையாளருக்குக் கார் விற்கும் முறையைக் கைக்கொண்டது. துபாயில் 2017 முதலும், நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவில் 2023 முதலும் அவ்வாறே விற்கிறது. ஆனால் அது பிறந்த நாட்டிலேயே அம்முறைக்குத் தடைகள் பல. கார் உற்பத்தியாளர் முகவர் மூலமாகத்தான் விற்க வேண்டும் என்று அங்கே பல மாநிலங்களில் சட்டம் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் டெஸ்லாவின் பெரும் ஆலையும் தலைமையகமும் இருக்கின்றன; எனினும் அம்மாநிலத்துக் கூடத்தில் காரைக் காட்டலாமே தவிர, அங்கே வைத்து விற்பனையை முடிக்க இயலாது. வாங்குபவர் இணையத்தில்தான் வாங்கியாக வேண்டும். கடைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டு எல்லாவற்றையும் இணையத்திலேயே விற்போம் என்று 2019 பிப்ரவரி இறுதியில் அறிவித்த அந்நிறுவனம், பத்தே நாளில் பாதி மனம் மாறி, பல கடைகளைத் திறந்தே வைப்போம் என்றது. காணாமல் வாங்குவோரின் அச்சத்தைப் போக்க, ஏழு நாட்களுக்குள் காரைத் திருப்பித் தரலாம் என்று ஒரு சலுகையும் தந்தது. 2020 அக்டோபரில் அந்தச் சலுகையும் போயிற்று.

நம் நாட்டுச் செய்தி வேறு. டெஸ்லா மும்பையில் தன் முதல் கூடத்தைத் திறந்தது 2025 ஜூலையில்தான். அதன் விலை ஏறத்தாழ அறுபது லட்சத்தில் தொடங்கிற்று. அது நம் வாசகருக்கான பேச்சன்று. டாடா, மஹிந்திரா, எம்.ஜி., ஹூண்டாய் ஆகியோரும், 2025 ஆகஸ்டில் நம் தூத்துக்குடியிலேயே ஆலை திறந்த வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனமும் முகவர்கள் வழியாகவே காரை ஒப்படைக்கின்றனர். இணையதளத்தில் நாம் செய்வது பெரும்பாலும் முன்பதிவு மட்டுமே. அங்கே நிறத்தையும் ரகத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு தொகையைக் கட்டுகிறோம். பிறகு நம் ஊருக்கு அருகிலுள்ள முகவர் தொலைபேசியில் அழைக்கிறார். விலைச்சீட்டு அவர் பெயரில் வருகிறது. ஆகவே இந்தியாவில் "ஆன்லைனில் வாங்கினேன்" என்பவரும் உண்மையில் முகவரிடம்தான் வாங்கியிருப்பார். பணம் செலுத்துமுன் விலைச்சீட்டில் விற்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது முதற்கடமை. நாளை பழுது நேர்ந்தால் பொறுப்புக் கேட்க வேண்டிய வாசல் அதுதான்.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கண்ணால் காணாத குறிப்பிட்டதொரு பொருளை வாங்குவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கடற்கரை ஊர்களில் நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பிந்தைய முடிவின்படி அவ்விற்பனை செல்லாது. ஹனஃபி மத்ஹபில் அது செல்லும்; ஆனால் பொருளைக் கண்ட பின் வேண்டாம் என்று விலகும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. எனினும், இன்ன தன்மையுள்ள பொருள் என்று வருணித்து, பொறுப்பேற்று விற்பது வேறு வகை. முழு விலையையும் முன்னதாகவே கொடுத்துவிடும் ஸலம் என்னும் ஒப்பந்தத்தை இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. செய்து தரச் சொல்லி ஆர்டர் கொடுக்கும் இஸ்திஸ்னாவை ஹனஃபிகள் தனி ஒப்பந்தமாகவே ஏற்றனர். இன்னும் ஆலையிலிருந்து வெளிவராத காருக்கான முன்பதிவு இந்தப் பிந்தைய வகையை ஒத்திருக்கிறது. உலக முஸ்லிம் நாடுகளின் ஃபிக்ஹு அகாடமி 1990-இல் ஜித்தாவில் கூடி, தொலைபேசி, ஃபாக்ஸ், கம்ப்யூட்டர் முதலிய சாதனங்கள் வழியே செய்யும் ஒப்பந்தங்கள் செல்லும் என்று முடிவு செய்தது. 1992-இல் இஸ்திஸ்னாவையும் ஏற்றது. வாங்காமல் விலகினால் அச்சாரப் பணம் விற்றவருக்கே என்னும் நிபந்தனையைப் பெரும்பாலான இமாம்கள் மறுத்தனர். இமாம் அஹ்மத் (ரஹ்) அனுமதித்தார்கள். 1993-இல் புருணையில் கூடிய அதே அகாடமி, காலக்கெடு குறிக்கப்பட்டிருந்தால் அது ஆகும் என்றது. தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. சகோதரர் தம் ஒப்பந்தத் தாளை மஹல்லா ஆலிமிடம் காட்டிக் கேட்கட்டும். ஆனால் முன்பதிவுத் தொகை திரும்ப வருமா, எந்த நாள் வரை வரும் என்பதைத் தாளில் பார்க்காமல் எவரும் பணம் அனுப்ப வேண்டாம்.

வாப்பாவின் கண்ணுக்கு வருவோம். பெட்ரோல் காராக இருந்தால் அனுபவமுள்ளவர் எஞ்சின் ஓசையைக் கேட்டே பாதி உண்மையை அறிந்துகொள்வார். மின்சாரக் காரில் அதன் விலையில் ஒரு பெரிய பங்கை விழுங்குவது பாட்டரி. அது தரைக்கடியில் முத்திரையிட்ட பெட்டிக்குள் கிடக்கிறது. ஷோரூமில் ஒரு நாள் முழுவதும் நின்றாலும் வாப்பா பார்க்கப் போவது பெயிண்ட்டையும் இருக்கையையும்தான். மதீனத்துச் சந்தையில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கடிந்துகொண்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். இங்கே குவியலுக்குள் கைவிட வழியில்லை. உள்ளே இருப்பதை விற்பவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் எழுத்தில்.

சொல்வதும் எப்படிச் சொல்லப்படுகிறது என்பது உண்டு. 2020 ஜனவரியில் வெளிவந்த டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பாட்டரி 30.2 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒரு முறை சார்ஜ் செய்தால் 312 கிலோமீட்டர் ஓடும் என்பது பரிசோதனைக்கூடம் தந்த சான்று. டெல்லியில் முகவரிடம் நேரில் சென்று வாங்கிய ஒருவர், 200 கிலோமீட்டரைத் தம் கார் எட்டியதே இல்லை என்று முறையிட்டார். 2021 மார்ச்சில் டெல்லி அரசு அந்தக் காருக்கான மானியத்தை நிறுத்தி வைத்தது. கம்பெனி உயர்நீதிமன்றம் சென்று அவ்வாணைக்குத் தடை பெற்றது. சான்று பொய்யன்று, ஆனால் பரிசோதனைக்கூடத்தில் போக்குவரத்து நெரிசலும் இல்லை, ஏ.சி.யைப் பெருக்கும் சித்திரை வெயிலும் இல்லை. இராமநாதபுரத்திலிருந்து மதுரை மருத்துவமனைக்குப் போய்த் திரும்ப 220 கிலோமீட்டர் ஆகிறது. விளம்பரத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு மீதியை நம்புவது நல்லது. இப்போது வரும் கார்களில் பாட்டரி பெரிது. ஆயினும் இந்தக் கழித்தல் கணக்கு வேண்டியதே.

பாட்டரிக்கான உத்தரவாதத் தாளை இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது நெடுநாளாக வழக்கிலிருக்கும் அளவு. அண்மைக் காலத்தில் மஹிந்திராவும் டாடாவும் சில கார்களுக்கு "ஆயுட்கால" உத்தரவாதம் அறிவித்துள்ளன. எவருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றும். டாடாவின் கணக்கில் அது பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டு. அதுவும் முதல் உரிமையாளருக்கே. கார் கைமாறினால் உத்தரவாதம் சுருங்கிவிடும். சபுராளி மகன் தம் பெயரில் பதிவு செய்துவிட்டு, ஈராண்டு கழித்து வாப்பாவின் பெயருக்கு மாற்றினால் அந்தப் பெரும் பயனை இழக்க நேரும். கொடுப்பது அன்பளிப்பு என்றால் முதல் நாளே வாப்பாவின் பெயரில் பதிவு செய்துவிடலாம். எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே பாட்டரி தேய்ந்தால் மாற்றித் தருவார்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பாட்டரி இல்லாமலே காரை விற்கும் புதுமையும் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் எம்.ஜி. வின்ட்சர் காரை 9.99 லட்சத்துக்கு அறிவித்தார்கள்; பாட்டரிக்குத் தனியே கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. பாட்டரியோடு சேர்த்து வாங்கினால் அன்று 13.50 லட்சம். முதல் தொகை மலிவாகத் தெரியும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் 3,500 ரூபாய் வாடகை கட்டுகிறார், மின்கட்டணம் தனி. ஓட்டாத மாதத்துக்கும் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். இத்திட்டங்கள் நிதி நிறுவனங்கள் வழியே நடப்பதால், வாடகை என்ற பெயருக்குள் வட்டி ஒளிந்திருக்கிறதா என்று ஒப்பந்தத்தை வரி வரியாகப் பார்க்க வேண்டும். வட்டிக் கடனில் கார் வாங்கி வாசலில் நிறுத்துவதைக் காட்டிலும் வாடகைக் காருக்காகக் காத்திருப்பது மேல் என்பது நம் கருத்து. (மாப்பிள்ளை வீட்டாருக்குக் கைக்கூலியாகக் கொடுப்பதற்குக் கார் தேடுபவர் யாரேனும் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவருக்கு நம்மிடம் யோசனை ஏதும் இல்லை.)

வாங்கிய பிறகுதான் கடையின் அருமை தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை அமைத்த ஓலா நிறுவனம் 2021-இல் மின்சார ஸ்கூட்டர்களை விற்கத் தொடங்கியபோது இணையம் ஒன்றே அதன் கடையாக இருந்தது. 2023 செப்டம்பர் முதல் ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அதன் மீது 10,644 புகார்கள் பதிவாயின. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டது. 99.1 விழுக்காடு புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்றது நிறுவனம். அவ்வாண்டு டிசம்பரில் அதுவே தன் கடைகளின் எண்ணிக்கையை 4,000 ஆக்கியதாக அறிவித்தது. காருக்கு இது இன்னும் பொருந்தும். உயர் மின்னழுத்தப் பழுதை ஊர் மெக்கானிக் தொட முடியாது. வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாகாது. லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் உள்ள பணிமனை எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது நிறத்தையும் ரகத்தையும் காட்டிலும் பெரிய கேள்வி.

இதற்காக முகவர்களையெல்லாம் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. காப்பீட்டை எங்களிடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவோர் உண்டு. எந்தக் கம்பெனியிலும் எடுக்க வாங்குபவருக்கு உரிமை இருக்கிறது. பெயர் தெரியாத கட்டணங்களை விலைச்சீட்டின் கடைசியில் சேர்ப்போர் உண்டு. பல மாதம் களத்தில் கிடந்த காரைப் புதியது என்று தள்ளிவிடுவோரும் உண்டு. உற்பத்தி மாதத்தை அடையாள எண்ணைக் கொண்டு அறியலாம். இணையதள விலை எல்லோரும் காண வெளிப்படையாக இருப்பதால், மகன் அதைப் பார்த்து வைத்துக்கொண்டு முகவரின் சீட்டோடு ஒப்பிடலாம். தமிழ்நாட்டு அரசு 2023-இன் கொள்கையில் மின்வாகனங்களுக்கு 2025 இறுதிவரை சாலைவரி விலக்கு அளித்திருந்தது. வாங்கும் நாளில் என்ன நிலை என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பின்னரே வரிக்கென்று பணம் தர வேண்டும்.

வாப்பா போகத்தான் வேண்டும். ஆனால் தனியாகப் போக வேண்டாம். பெட்ரோல் காருக்கென வகுத்த உடலில் பாட்டரியைப் பொருத்திய சில கார்களில் பின்பக்கத் தரை உயர்ந்து முழங்கால் மேலெழும்பி நிற்கும்; மூட்டுவலியுள்ள உம்மா அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பணத்தை மகன் அங்கிருந்தே கட்டட்டும்: ரொக்கமாக அல்ல, கம்பெனியின் அல்லது முகவரின் கணக்கில், ரசீதோடு. விலைச்சீட்டு வாப்பாவின் பெயரில் இருந்தால், 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம்; ஐம்பது லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையமே போதும். அதற்கு முன் 1915 என்ற எண்ணில் முறையிடலாம். இணைய வணிக நிறுவனமாயின் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-இன் விதி.

கார் வருமுன் வீட்டைப் பார்க்க வேண்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ 150 யூனிட் செலவாகும். இரு மாதக் கணக்கில் 300 யூனிட் கூடுவதால் வீட்டுக் கட்டணம் மேற்படிக்குத் தாவிவிடும். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் செய்தாலும் மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால், கூடுதல் பளுவுக்கு மின்வாரியத்தில் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் உப்புக் காற்றால் எர்த் கம்பி அரித்துப் போயிருப்பது சாதாரணம். எர்த் சரியில்லையென்றால் சார்ஜர் வேலை செய்ய மறுத்துவிடும். நல்ல எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்து அதைச் சோதித்த பிறகு முன்பதிவுத் தொகையை அனுப்பச் சொல்லி, மகனுக்கு வாப்பா தகவல் கொடுக்கட்டும்.