கடல் கடக்கும் உதவி

நுழையும்முன்

தொலைநாட்டில் நிலம் நடுங்கும்போது நம் ஊரில் அடுப்புகள் வழக்கம்போல் எரிகின்றன. கடைகள் வழக்கம்போல் திறக்கின்றன. ஆயினும் செய்தி கேட்ட நெஞ்சம் அமைதி கொள்வதில்லை. 'நாமும் ஏதேனும் செய்ய வேண்டும்' என்னும் எண்ணம் எழுகிறது. அவ்வெண்ணம் உரியவர் கையில் உதவியாகச் சென்று சேர வேண்டுமெனில், ஓர் ஊர் என்ன செய்ய வேண்டும்? உடன்குடி போன்ற ஒரு கடலோரப் பேரூரை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

தொலைவு என்பது எவ்வளவு?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, இந்திய நேரப்படி 6.29 மணி அளவில், இந்தோனேசியாவின் சுமத்திராத் தீவுக்கு மேற்கே கடலடியில் நிலம் நடுங்கியது. அதன் அளவு 9.1. நம்மவர் பலர் அப்போது அதனை அறியவும் இல்லை. இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையில் ஏறியது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் மறைந்தன. இலங்கைத் தீவு ஓரளவு மறைத்து நின்றமையால், நாகப்பட்டினமும் கன்னியாகுமரியும் அடைந்த பேரிழப்பைத் தூத்துக்குடிக் கடற்கரை அடையவில்லை. அயல்நாட்டில் நேர்ந்த நடுக்கம் அயலாருக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் கடல் அன்று உணர்த்தியது.

உடன்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கடல் புதிதன்று. மணப்பாடும் குலசேகரப்பட்டினமும் காயல்பட்டினமும் கடல் வணிகத்தால் பெயர்பெற்ற ஊர்கள். இப்பகுதியினர் பலர் வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பணிபுரிகின்றனர். உலக வரைபடத்தில் எங்கு நிலம் அசைந்தாலும் அங்கு நம்மவர் ஒருவர் இருக்கக்கூடும். நம்மவர் இல்லாவிடினும் மனிதர் இருக்கின்றனர்.

கலம் இருந்தது, வழி இல்லை

கடல் கடந்து உதவ வேண்டும் என்னும் எண்ணம் தமிழர்க்குப் பழமையானது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றவன். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கப்பலில் வந்தோர் சொல்லக் கேட்டு, அவன் கலத்துடன் கப்பல் ஏறினான். இடையில் மணிபல்லவத் தீவில் கப்பல் தங்கியது. அவன் கரையில் இறங்கினான். ஏறிவிட்டான் என்று கருதிக் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஆளில்லாத தீவில் அமுதசுரபியால் யாருக்குப் பயன்? கலத்தைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து, உண்ணாநோன்பு இருந்து அவன் உயிர்நீத்தான்.

ஆபுத்திரனிடம் இரக்கம் குறையவில்லை, உணவும் குறையவில்லை. பசித்தவரை அடையும் வழி இடையில் அறுந்தது. இன்றும் பேரிடர்க் காலங்களில் நேர்வது பெரும்பாலும் இதுவே. மக்களின் மனம் நிறைந்திருக்கிறது, லாரிகளும் நிறைகின்றன. அவை சென்று சேரும் இடத்தில் தேவை வேறாக இருக்கிறது. ஆதலால், ஓர் ஊர் முதலில் திரட்ட வேண்டியது பொருளை அன்று, வழியை என்பதே நம் கருத்து.

பெற்றவர் அறிந்த பாடம்

உதவி கொடுப்பது எப்படி என்பதை, உதவி பெற்றவரே நன்கு அறிவர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, நூற்றுக்கணக்கான பயணியர் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அருகிலிருந்த புதுக்குடி மக்கள், தம் ஊரும் மழையில் தவித்த வேளையில், தம்மிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். அருகில் இருந்தோர், இருப்பதைக் கொண்டு, தேவை அறிந்து செய்தமையால் அவ்வுதவி காலத்தில் சேர்ந்தது.

இதற்கு மாறான காட்சியையும் தமிழகம் கண்டுள்ளது. ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினப் பகுதியில் பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. அனுப்பியவர் அன்புடன் அனுப்பினர். ஆனால், பயன்படாத துணிகளை அகற்றுவதே அங்குள்ளோருக்கு மற்றுமொரு வேலையாயிற்று. உழைத்து உண்டு வாழ்ந்த மீனவக் குடும்பம், பிறர் கழித்த ஆடையை உடுத்த விரும்பாததில் வியப்பும் இல்லை. இழந்தவர்க்கும் தன்மதிப்பு உண்டு.

முதல் நாள்கள் யாருக்கு உரியவை?

இடிபாடுகளில் சிக்கியோரை உயிருடன் மீட்கும் வாய்ப்பு முதல் சில நாள்களிலேயே மிகுதி. அந்நாள்கள் பயிற்சி பெற்றோர்க்கு உரியவை. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்து, 50,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மோப்ப நாய்களுடனும் கருவிகளுடனும் துருக்கிக்கு விரைந்தனர். இந்திய இராணுவம் அங்குக் கள மருத்துவமனை அமைத்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மியான்மரில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோதும் அவ்வாறே செய்தனர். பயிற்சியற்ற ஆர்வலர் அங்குச் சென்றால், அவருக்கும் உணவும் இடமும் தேட வேண்டிய சுமை கூடும். அந்நாள்களில் ஊர் செய்ய வேண்டிய பணி ஊரிலேயே இருக்கிறது.

அவற்றுள் முதன்மையானது, நம் நடுவில் இருக்கும் பாதிக்கப்பட்டோரைத் தேடிக் காண்பது. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் நேபாளத்தில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, தமிழக நகரங்களின் உணவகங்களிலும் காவற்பணியிலும் நேபாளத் தொழிலாளர் பலர் இருந்தனர். அத்தகைய ஒருவருக்கு முன்பணமாக ஒரு மாத ஊதியம், ஊர் செல்லத் தொடர்வண்டிச் சீட்டு, வீட்டாருடன் பேசக் கைப்பேசிக் கட்டணம், திரும்பி வந்தால் வேலை உண்டு என்னும் உறுதிமொழி ஆகியவை உடனே பயன்தரும். அவர் கொண்டுசெல்லும் பணம் இடையில் எவர் கையிலும் நில்லாமல் அவர் குடும்பத்தைச் சேரும். அயல்நாட்டிலுள்ள நம்மவரைப் பற்றித் தகவல் அறியாது தவிக்கும் குடும்பங்களுக்கு, மாவட்ட நிருவாகத்தையும் அயலகத் தமிழர் நலத்துறையையும் தொடர்புகொள்ள உதவுவதும் இத்தகைய பணியே.

பொருளா, பணமா?

உடன்குடியின் பெருமை பனங்கருப்பட்டி. புவிசார் குறியீடு பெற்ற அதனை ஒரு லாரி நிறைய அனுப்பலாம் என்று ஒருவர் கூறினால், அவர் உள்ளத்தைப் பாராட்டலாம். ஆனால், அது துறைமுகம் சென்று, சுங்கம் கடந்து, கப்பலேறி, மலைவழியில் ஒரு கூடாரத்தை அடைவதற்குள் ஆகும் செலவையும் நாளையும் கணக்கிட வேண்டும். அதே கருப்பட்டியை ஊர்ச்சந்தையில் விற்றுப் பணமாக்கி அனுப்பினால், அங்குள்ளோர் அங்குள்ள கடையில் தமக்கு வேண்டியதை வாங்குவர். குழந்தைக்குப் பாலோ, கூரைக்குத் தகரமோ, தேவையை அவர்களே முடிவு செய்வர். நிலநடுக்கத்தால் நொடிந்த அவ்வூர் வணிகரும் மீண்டும் கடை திறப்பர்.

பொருளே தேவைப்படும் வேளையும் உண்டு. 2022ஆம் ஆண்டு இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, அங்குக் கடைகளிலேயே பொருள்கள் அரிதாயின. தமிழ்நாடு அரசு அரிசி, பால்பொடி, மருந்து ஆகியவற்றைத் தேர்ந்து அனுப்பியது, தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்தும் கப்பல் புறப்பட்டது. சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, ஒன்றிய அரசின் இசைவைப் பெற்ற பின்னரே அது நிகழ்ந்தது. ஒரு மாநில அரசே முறைப்படி வழி வகுத்துக்கொண்ட பின்னர்தான் அனுப்பியது எனில், ஓர் ஊர் தனித்து மூட்டை கட்டுவதற்கு முன் எத்தனை முறை எண்ண வேண்டும்!

பணம் கைமாறுகையில் கரைந்துவிடும் என்னும் ஐயம் பொதுமக்களிடையே உண்டு. அந்த ஐயத்தைக் குறை கூறுதல் தகாது. அதற்கு விடை கூற வேண்டும். திரட்டிய தொகை, கொடுத்தோர் எண்ணிக்கை, அனுப்பிய நாள், பெற்ற நிறுவனத்தின் பற்றுச்சீட்டு ஆகியவற்றைப் பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் ஐயம் தானே விலகும். அரசின் நிவாரண நிதி, இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அறியப்பட்ட அமைப்புகள் வழியாகவே பணம் செல்ல வேண்டும். பேரிடர் செய்தியோடு கைப்பேசியில் வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் உண்மையானதன்று. ஏமாற்றுவோரும் அவ்வேளைக்குக் காத்திருக்கின்றனர். சரிபார்க்கும் பொறுப்பை ஊர்க்குழு ஏற்றல் நன்று.

மகமையும் பிடியரிசியும்

'நம் ஊரிலேயே வறியவர் இருக்க, அயல்நாட்டாருக்கு எதற்கு?' என்று கேட்போர் உளர். இக்கேள்வி நேர்மையானது. இதற்குரிய விடை நம் முன்னோர் வழக்கத்திலேயே உள்ளது. விற்பனையாகும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையைப் பொதுப்பணிக்கென ஒதுக்கும் வழக்கம் தென்மாவட்ட வணிகரிடையே இருந்தது; அதனை மகமை என்பர். உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் சேர்ப்பது பிடியரிசி. பெருந்தலைவர் காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, ஊரார் இவ்வாறு சேர்த்த நிதியால் வளர்ந்த பள்ளி.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம், வணிகர் சங்கம், பள்ளி ஆகியவை இணைந்து உடன்குடியில் இத்தகைய பொது நிதி ஒன்றை ஆண்டு முழுவதும் சேர்த்து வரலாம். வெள்ளம் வந்தால் அது நம் தெருவுக்குப் பயன்படும். கடலுக்கு அப்பால் நிலம் நடுங்கினால் அதில் ஒரு பங்கு அங்குச் செல்லும். எவ்வளவு என்பதைப் பேரிடர் வருமுன்னரே முடிவு செய்துகொண்டால், ஏழை உள்ளூராரா அயல்நாட்டாரா என்னும் வழக்கிற்கு இடமில்லை. சுமத்திரா நடுக்கத்தின்போது தானே அடிபட்டிருந்த இந்தியா, இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல்களை அனுப்பியது என்பதையும் நினைத்தல் தகும்.

செய்தி ஓய்ந்த பின்

தொலைக்காட்சி ஒரு பேரிடரைச் சில நாள்களே காட்டுகிறது. நேபாளத்தில் இடிந்த வீடுகள் 5 இலட்சத்திற்கும் மேல். அவற்றையும் பள்ளிகளையும் மீளக் கட்ட ஆண்டுகள் பல ஆயின. முதல் வாரத்தில் குவியும் பணம் ஆறாம் மாதத்தில் வருவதில்லை. ஆகவே, திரட்டிய தொகையை இரண்டாகப் பகுத்து, ஒரு பகுதியை உடனேயும் மறுபகுதியை ஓராண்டு கழித்தும் அனுப்புதல் சிறந்த முறை. அந்த ஓராண்டில் அங்கு எது கட்டப்பட்டது, எது எஞ்சியுள்ளது என்பதும் தெளிவாகும். உடன்குடியின் பள்ளி மாணவர் அதனைக் கேட்டறிந்து ஊருக்குச் சொல்லும் பொறுப்பை ஏற்கலாம். அடுத்த நடுக்கம் எங்கு, எப்போது நேரும் என்பதை அறிவியலால் இன்றுவரை முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. நிதிக்குரிய முதல் பிடி அரிசியை எடுத்து வைக்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மகமை, பிடியரிசி போன்ற பொதுநிதி வழக்கங்கள் இருந்தனவா என்பதை முதியோரிடம் கேட்டறிந்து எழுதுக.

2. அயல்நாட்டுப் பேரிடருக்கு உதவப் பொருள் அனுப்புவது சிறந்ததா, பணம் அனுப்புவது சிறந்ததா என்பது குறித்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. திரட்டிய நிதியின் வரவு செலவை ஊராருக்குத் தெரிவிக்கும் அறிவிப்புப் பலகை ஒன்றை உருவாக்குக.