வீடும் வாகனமும்: ஐந்தாவது சக்கரம் எங்கே?

ஓட்டமாவடிச் சகோதரி ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "மருமகன் மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் கிண்ணியாவில் ஒரு கலியாணம். எல்லோரும் அதிலேயே போகலாம் என்கிறார். சாமான் வைக்க இடம் பார்ப்போம் என்று டிக்கியைத் திறந்தால் ஸ்பெயார் டயர் இல்லை. விற்றவர் கழற்றி எடுத்துக்கொண்டாரோ? பனிச்சங்கேணிப் பாலத்தடியில் டயர் போனால், கைக்குழந்தையையும் என் வயதான உம்மாவையும் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?"

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, சகோதரி. மின்சாரக் கார்களில் பெரும்பாலானவை ஸ்பெயார் டயர் இல்லாமலே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் வரி குறைந்திருந்தபோது ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் கார்கள் நம் நாட்டில் ஏராளமாக வந்திறங்கின. அவற்றில் ஸ்பெயார் டயர் கிடையாது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகு வரும் புதிய மின்சாரக் கார்களிலும் பல அப்படித்தான். பெற்றோல் கார் வைத்திருக்கும் சகோதரிகளும் ஒருமுறை டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார்கள் பலவற்றிலும் அந்தக் குழி வெறுமையாக இருக்கும்.

நம் மூத்தவர்களின் மொரிஸ் மைனர் காரில் டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே ஐந்தாவது சக்கரத்துக்கென்று தனி அறையே உண்டு. அந்த ஐந்தாவது சக்கரத்தை வியாபாரமாக்கியவர்கள் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊர் டேவிஸ் சகோதரர்கள். 1904 இல் தொடங்கினார்கள். அவர்களுடைய பட்டறை ஸ்டெப்னி வீதியில் இருந்ததால்தான் தமிழ்நாட்டில் இன்றும் ஸ்பெயார் டயருக்கு 'ஸ்டெப்னி' என்று பெயர். நூறு வருடம் கூடவே வந்த சக்கரத்தை இப்போது இறக்கிவிட்டதற்குக் காரணம் எளிது. மின்சாரக் காரின் பெட்டரி தரைக்கு அடியில் பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு, ஜக்கும் சக்கரமும் சேர்ந்தால் பத்திருபது கிலோ பாரம் கூடும். பாரம் குறைந்தால் ஒரே சார்ஜில் ஓடும் தூரம் சிறிது கூடும், செலவும் மிஞ்சும். ஜப்பானில் ஒரு தொலைபேசி அழைப்பில் உதவி வண்டி வந்து நிற்கும் என்பதால் அங்குள்ளவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் நம் வாகரைப் பாதையை மனதில் வைத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பாதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்த வழி அது. பிறகு பாதை திருத்தப்பட்டு, பாலங்கள் எழுந்தன. தோணியிலும் பாதைப்படகிலும் கடந்த கிண்ணியாத் துறைக்கு 2009 இல் 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது. அதனால்தான் வாழைச்சேனை, ஓட்டமாவடிக் குடும்பங்கள் இன்று மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் ஒரே நாளில் சம்பந்தம் பேசப் போய்த் திரும்புகின்றன. ஆனால் ஓட்டமாவடியைத் தாண்டினால் டயர் ஒட்டும் கடைகள் அரிது. காயாங்கேணி, மாங்கேணி கடந்து பனிச்சங்கேணியில் களப்பின் மேல் போகும் இடத்தில் இருபுறமும் தண்ணீர். வாகரைக்கு அப்பால் கதிரவெளி, வெருகல் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு. இருட்டிய பிறகு அங்கே நிற்பது யாருக்கும் விருப்பமானதல்ல.

இனி, டிக்கியில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். சக்கரத்துக்குப் பதிலாக ஒரு சிறிய காற்றுப் பம்பும் ஒரு போத்தலும் தந்திருப்பார்கள். போத்தலில் பால் போன்ற ரப்பர்த் திரவம். அதை வால்வு வழியாக டயருக்குள் செலுத்திக் காற்றடித்தால், சக்கரம் சுற்றும்போது அது ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீதியில் உருளும் பாகத்தில் ஆணி குத்திய சிறு துளையை, ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் வரை, அது அடைக்கும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அடைக்காது. குழியில் விழுந்து இரும்பு விளிம்பு நெளிந்தாலும், காற்றில்லாமல் ஓட்டி டயர் நசிந்துபோனாலும் போத்தலால் பலனில்லை.

போத்தலுக்குக் காலாவதித் திகதி ஒன்று உண்டு. பிள்ளைகளின் பாணி மருந்துக்குத் திகதி பார்க்கும் நாம் இதைப் பார்ப்பதேயில்லை. 2013 இல் செய்த காரோடு வந்த போத்தல் அப்படியே கிடந்தால் அதன் காலம் முடிந்து பல வருடங்கள் ஆகியிருக்கும், உள்ளே கட்டிபட்டும் போயிருக்கலாம். ஜப்பானில் பாவித்துவிட்டு விற்ற காரென்றால் முதல் சொந்தக்காரரே அதை முடித்துவிட்டு வெறும் போத்தலை வைத்திருக்கவும் கூடும். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. கைத்தொலைபேசியால் படம் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம். இந்த வேலையை ஆண்கள் செய்வார்கள் என்று காத்திராதீர்கள். பிரயாணத்துக்கு முதல்நாள் சாப்பாட்டுப் பெட்டி கட்டும்போது இதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கே வருகிறேன். பாலத்தடியில் கார் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது கண்ணாடிக்குக் கீழே டயர் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். சடுதியாகப் பிரேக் போடக் கூடாது. இரு பக்கச் சிமிட்டு விளக்கைப் போட்டு, மெதுவாக உருட்டிப் பாலத்தைத் தாண்டி, கரையில் இறுகிய தரை உள்ள இடத்தில் நிறுத்துவதே மேல். காற்றில்லாமல் அந்தச் சில நூறு மீற்றர் உருட்டினால் டயர் பழுதாகலாம் என்பது உண்மைதான். பழுதாகட்டும். பாலத்தின் மேல் லொறிகளுக்கு நடுவில் குழந்தையோடு நிற்பதைவிட ஒரு டயரின் விலை பெரிதல்ல. எல்லோரும் வீதிப் பக்கம் இல்லாத கதவால் இறங்கி விலகி நிற்க வேண்டும். கார் வீதியை விட்டு நன்றாக விலகி நின்றால் உம்மாவும் குழந்தையும் உள்ளேயே இருக்கலாம். மின்சாரக் காரில் இது ஒரு வசதி: புகையில்லாமல், சத்தமில்லாமல் ஏசி ஓடும். மணிக்கு ஓரிரு யூனிட் மின்சாரம்தான் போகும். அதனால் அந்தப் பாதையில் போகும்போது பெட்டரியில் போதிய மிச்சம் இருக்க வேண்டும். பழைய லீஃப் கார்களில் பெட்டரி தளர்ந்து ஓடும் தூரம் குறைந்திருக்கும். அவர்கள் இன்னும் கவனம்.

ஆணி தெரிந்தால் பிடுங்காதீர்கள். பல நேரங்களில் அந்த ஆணிதான் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும். முதலில் திரவத்தைத் தொடாமல் பம்பை மட்டும் மாட்டிக் காற்றடித்துப் பாருங்கள். காற்று மெதுவாகக் கசிகிறதென்றால் வாகரைக்கோ ஓட்டமாவடிக்கோ, இடையில் நிறுத்தி நிறுத்திக் காற்றடித்தே போய்ச் சேர்ந்துவிடலாம். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். லீஃபுக்கு 36 பி.எஸ்.ஐ. காற்று நிற்கவில்லையென்றால் பிறகு போத்தல். சில வகைகளில் வால்வின் உள் ஊசியை முதலில் கழற்ற வேண்டும். பத்து நிமிடம் பம்ப் ஓடியும் 26 பி.எஸ்.ஐ.யாவது ஏறவில்லையென்றால் அந்த டயர் போத்தலுக்கு அடங்காது, விட்டுவிடுங்கள். ஏறினால் உடனே புறப்பட்டு ஐந்து கிலோமீற்றர் போனபின் நிறுத்தி மறுபடி அளந்து பார்க்க வேண்டும். வேகம் 80க்கு மேல் போகக் கூடாது.

டயர் கிழிந்துவிட்டால்? ஊர்ப் பிள்ளைகள் ஓடி வந்து உதவுவார்கள். உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுக்கலாம் என்பார்கள், தரைக்கு நடுவில் ஜக் வைப்பார்கள். நன்றி சொல்லி இரண்டையும் தடுத்துவிடுங்கள். மின்சாரக் காரின் ஓடுசக்கரம் தரையில் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் பிறப்பிக்கும், கருவிகள் பழுதாகும். முழுக் காரையும் ஏற்றும் தட்டை லொறிதான் வேண்டும். நடுவில் இருப்பதோ பெட்டரி. ஜக் வைக்கக் காரின் ஓர விளிம்பில் அடையாளமிட்ட இடங்கள் உண்டு. வேறெங்கும் வைக்கக் கூடாது. உங்கள் காப்புறுதியில் வழித்துணை உதவி சேர்ந்திருக்கிறதா, வாகரை வரை லொறி அனுப்புவார்களா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள்.

என்னைக் கேட்டால், மட்டக்களப்பு நகருக்குள் மட்டும் ஓடுபவர்களுக்குப் பம்பும் திகதி முடியாத போத்தலும் போதும். மாதாமாதம் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போகிறவர்கள் ஒரு சக்கரம் வாங்கித்தான் ஆகவேண்டும். முழுச் சக்கரம் டிக்கியை நிறைத்துவிடும். மெல்லிய தற்காலிகச் சக்கரம் போதும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாவித்தவை தேடலாம். நட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் (லீஃபுக்கு ஐந்து துளை, 114.3 மில்லிமீற்றர்), நடுத் துளையின் அளவும், சக்கரத்தின் மொத்த உயரமும் பொருந்த வேண்டும். காரை அங்கேயே கொண்டுபோய் மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது. அதற்கு வழக்கமாக 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், வேகம் 80க்குள். ஜக்கும் நட் சாவியும் கூடவே வாங்க மறக்க வேண்டாம். ஸ்பெயார் இல்லாத காரில் அவையும் பெரும்பாலும் இருக்காது. சக்கரத்தைப் பட்டியால் இறுகக் கட்டி வையுங்கள். பிள்ளைகள் இருக்கும் பின் இருக்கைக்குப் பின்னால் அது அவிழ்ந்து கிடக்கக் கூடாது. கலியாணச் சாமான்களில் ஒரு பெட்டி குறையும். அந்தப் பெட்டியை வேறு வண்டியில் அனுப்பலாம்.

போத்தல் பாவித்திருந்தால் டயர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கழற்றினால் அவர் முகத்திலேயே தெறிக்கும். உடுத்திருக்கும் கலியாணச் சாரியில் பட்டால் ஈரமாக இருக்கும்போதே தண்ணீரால் அலசிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் ரப்பராக ஒட்டிக்கொள்ளும், பிறகு போகவே போகாது.