உள்நாட்டுப் பட்டுக்கு நிலைத்த கொள்கை கோரும் சாசனம்

ஒன்றிய அரசின் ஜவுளி, நிதி அமைச்சகங்களுக்கும், மத்தியப் பட்டு வாரியத்துக்கும், தமிழ்நாடு அரசின் பட்டு வளர்ச்சித் துறைக்கும் மல்பெரி விவசாயிகளும் இளம்புழு வளர்ப்போரும் நூற்பாளர்களும் நூல் முறுக்குத் தொழிலாளர்களும் பட்டு நெசவாளர்களும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள்.

2000-01இல் இந்தியாவின் கச்சாப் பட்டு உற்பத்தி ஏறத்தாழ 15,900 டன். 2010-11இல் அது 20,400 டன் ஆனது. 2023-24இல் 38,900 டன்னை எட்டியது. இந்த வளர்ச்சியில் எங்களுக்கும் பெருமை உண்டு. விடியலில் தழை அறுத்து, இரவிலும் எழுந்து தீனி போட்டு வளர்த்த பட்டு அது.

ஆனால் இதே காலத்தில் மல்பெரித் தோட்டங்களுக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 1990களின் நடுவில் நாடு முழுவதும் 2.8 லட்சம் ஹெக்டேர் அளவில் மல்பெரி இருந்தது. 2010-11இல் அது 1.7 லட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. பிறகுதான் மெல்ல ஏறி 2.6 லட்சம் ஹெக்டேருக்கு வந்திருக்கிறது. இடையில் லட்சம் ஹெக்டேருக்கு மேல் வேரோடு பிடுங்கி எறியப்பட்டது. வறட்சியும், வற்றிப்போன ஆழ்துளைக் கிணறுகளும், கூலியாள் தட்டுப்பாடும், விரிந்துகொண்டே போன நகரங்களும் இதற்குக் காரணங்கள். மலிவாக வந்து இறங்கிய சீனப் பட்டும் ஒரு காரணம். அப்படியிருந்தும் உற்பத்தி ஏறியதென்றால், வி-1 போன்ற அதிகத் தழை தரும் ரகமும், வெண்பட்டுப் புழுவும், தனிக் கொட்டகையில் தண்டோடு தீனி போடும் முறையும் விவசாயிகளின் கைக்கு வந்ததே முக்கியக் காரணம். விஞ்ஞானிகளும் விவசாயிகளும் சேர்ந்து மீட்ட தொழில் இது. அதை மறுபடியும் சாயவிடக் கூடாது என்பதற்கே இந்தச் சாசனம்.

எங்கள் முதன்மையான கோரிக்கை இறக்குமதி வரி பற்றியது. 2011ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 விழுக்காட்டிலிருந்து ஒரே நாளில் 5 விழுக்காடானது. கர்நாடகத்தின் ராமநகரம் பட்டுக்கூடு அங்காடியில் கூட்டின் விலை சரிந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகளையும் அந்தச் சரிவு விடவில்லை. 2013இல் வரி 15 ஆனது, பின்னர் 10 ஆகக் குறைந்தது, 2021இல் மீண்டும் 15 ஆனது. பத்தாண்டில் நான்கு முறை மாறிய வரியை நம்பி ஒரு விவசாயி எப்படித் திட்டமிடுவார்? மல்பெரி ஒரு போகத்துப் பயிர் அல்ல. நட்டால் பதினைந்து ஆண்டு வரை நிற்கும். கொட்டகைக்கு வாங்கிய கடனும் பல ஆண்டு நிற்கும். ஆகவே ஐந்தாண்டுக்கு மாறாத வரி விகிதத்தை முன்கூட்டியே அறிவியுங்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுங்கள். எந்தத் தரத்தில் எவ்வளவு பட்டு இறக்குமதியானது என்பதை மாதந்தோறும் வெளியிடுங்கள். கச்சாப் பட்டுக்கு வேலி போட்டுவிட்டுப் பட்டுத் துணியை மலிவாக உள்ளே விட்டால் விவசாயியோடு நெசவாளரும் சேர்ந்து வீழ்வார். நூலுக்கும் துணிக்கும் சேர்த்தே வரியை வகுக்க வேண்டும்.

இந்த விவாதம் எழும்போதெல்லாம் நெசவாளரை விவசாயிக்கு எதிரே நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. நூல் மலிந்தால் தறிக்கு நல்லது, கூடு விலை ஏறினால் தோட்டத்துக்கு நல்லது, இரண்டும் ஒத்துவராது என்கிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்குப் பாவு அறாமல் ஓட வேண்டும். அதற்குச் சீரான, வலுவான இழை வேண்டும். அந்தத் தரத்துக்காகத்தான் நெசவாளர் சீனப் பட்டை நாடினார். அதே தரம் உடுமலையிலும் தருமபுரியிலும் விளையும் வெண்கூட்டிலிருந்து, தானியங்கி நூற்பு இயந்திரத்தில் கிடைக்கிறது. நாட்டின் மல்பெரிப் பட்டில் பெரும்பகுதி இன்னும் அந்தத் தரத்தை எட்டாத கலப்பினக் கூட்டிலிருந்தே வருகிறது என்பதுதான் குறை. இரு தரப்பின் நலனும் ஒன்றுக்கொன்று எதிரல்ல; ஆகவே நூல் விலை ஓர் அளவைத் தாண்டினால் கூட்டுறவுச் சங்க நெசவாளருக்கு மானியமும், கூட்டின் விலை உற்பத்திச் செலவுக்குக் கீழே போனால் அரசுக் கொள்முதலும் தரும் விலை நிலைப்படுத்தும் நிதியம் ஒன்றை அமையுங்கள். உற்பத்திச் செலவைக் கணக்கிடும்போது வீட்டுப் பெண்களின் உழைப்புக்கும் கூலி போடுங்கள். புழு வளர்ப்பில் பெரும்பாலான வேலையைச் செய்பவர்கள் அவர்கள்தான்.

இறக்குமதி என்றும் கைகொடுக்கும் என்று நம்பவும் இனி முடியாது. 2015இல் சீனா ஏறத்தாழ 1,70,000 டன் பட்டு உற்பத்தி செய்தது. 2020இல் அது சுமார் 53,000 டன்னுக்கு இறங்கிவிட்டது. வெளிநாட்டு நூலை நம்பிய தறிகள் ஒருநாள் வெறுமையாக நிற்க நேரிடும். உள்நாட்டுப் பட்டைக் காப்பது நெசவாளரின் தேவையும்தான்.

அடுத்தது அங்காடி. பட்டுக்கூட்டுக்குள் உயிர் இருக்கிறது. புழு கூடு கட்டத் தொடங்கிய ஏழாம் நாளையொட்டி விவசாயி அதைப் பிரித்துச் சாக்கில் கட்டி அங்காடிக்குக் கொண்டுவருகிறார். இன்னும் சில நாள் விட்டால் அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிவிடும்; துளை விழுந்த கூட்டிலிருந்து தொடர் இழை எடுக்க முடியாது. அதனால் அன்றைய ஏலத்தில் என்ன விலை விழுந்தாலும் தலையாட்டிவிட்டுப் போக வேண்டிய நிலை. நெல்லையோ மஞ்சளையோ போல இருப்பு வைத்து விற்க எங்களுக்கு வழியில்லை. 2020 ஊரடங்கில் திருமணங்கள் சுருங்கிப் பட்டுக் கடைகள் மூடியபோது இந்தக் கையறு நிலையை முழுதாக அனுபவித்தோம். சூடான காற்றில் உலர்த்தினால் கூடு பல மாதம் கெடாது. எனவே ஒவ்வொரு அரசு அங்காடியிலும் வெப்பக்காற்று உலர்த்திகளும் கிடங்கும் வேண்டும். உலர்த்திய கூட்டை ஈடாக ஏற்றுக் கடன் தர வங்கிகளுக்கு ஆணையிடுங்கள். நூற்பாளருக்கும் இது நன்மை. வரத்துக் குறைந்த மாதங்களில் கூடு கிடைக்காமல் இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருக்காது.

பூச்சிமருந்துப் பிரச்சினையை அதிகாரிகள் இன்னும் உரிய கனத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை என்பது எங்கள் வருத்தம். பக்கத்து வயலில் தக்காளிக்கோ தென்னைக்கோ தெளிக்கும் மருந்து காற்றோடு மல்பெரித் தழையில் படிகிறது. சில மருந்துகளில் புழு உடனே சாகும். சில மருந்துகள் அதைவிடக் கொடியவை. பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் அவ்வகை மருந்து பட்ட தழையைத் தின்ற புழு கடைசிப் பருவம் வரை நன்றாகவே தெரியும். பழுத்துக் கூடு கட்ட வேண்டிய நாளில் கட்டாது. வளர்ச்சிக் காலம் முழுவதும் தின்னும் தழையில் ஐந்தில் நான்கு பங்கைக் கடைசிப் பருவத்தில்தான் புழு தின்கிறது. அதாவது செலவெல்லாம் செய்து முடித்த பிறகுதான் நட்டம் தெரியவரும். இப்போது டிரோன் தெளிப்பும் பரவிவருகிறது. மல்பெரித் தோட்டங்களை ஒட்டிய நிலங்களில் பூச்சியின் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளுக்குத் தடையும், டிரோன் தெளிப்புக்கு இடைவெளி விதியும், தழையையும் புழுவையும் விரைந்து சோதித்துச் சான்று தர மாவட்டத்துக்கு ஓர் ஆய்வகமும் வேண்டும். அந்தச் சான்றை ஏற்று இழப்பீடு தரும்படி காப்பீட்டுத் திட்டத்தைத் திருத்த வேண்டும். நோயால் செத்தது, மருந்தால் செத்தது என்று பிரித்து விவசாயியை அலையவிடக் கூடாது.

பட்டுப்புழு முட்டைத் தொகுதிகளின் தரத்துக்கு உற்பத்தி செய்பவரே பொறுப்பேற்க வேண்டும். கரும்புள்ளி நோய்ச் சோதனையின் முடிவு ஒவ்வொரு முட்டை அட்டையோடும் வர வேண்டும். போலிக் கிருமிநாசினி விற்போர் மீது வழக்குத் தொடர வேண்டும்.

நூற்பாலைகளில் வெந்நீரில் கைவைத்தே வேலை செய்யும் பெண்களுக்கு விரல் புண்ணும் தோல் நோயும் தீராத தொல்லை. அவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பும் ஆண்டுக்கு இருமுறை மருத்துவப் பரிசோதனையும் கேட்கிறோம். சிறு நூற்பாளருக்கு நடைமுறை மூலதனக் கடன் வேண்டும். கூடு வாங்கியதும் பணம் தர வேண்டும், நூல் விற்ற பணமோ தாமதமாக வருகிறது. அந்த இடைவெளியில்தான் பலர் கந்துவட்டிக்குப் போகிறார்கள்.

சில்க் சமக்ரா-2 திட்டம் 2021-22 முதல் 2025-26 வரைக்கானது, ஒதுக்கீடு 4,679.85 கோடி ரூபாய். அடுத்த திட்டம் ஒரு நாள் இடைவெளியும் இல்லாமல் தொடர வேண்டும். அதில் கொட்டகைக்கும் கருவிகளுக்கும் மட்டுமின்றி மேலே சொன்ன விலை நிதியத்துக்கும் உலர்த்திகளுக்கும் தனி ஒதுக்கீடு வேண்டும். குத்தகை நிலத்தில் மல்பெரி வைத்தவர்களுக்கும் நிலப் பட்டா கேட்காமல் மானியம் தர வேண்டும்.

இவற்றைப் பேசித் தீர்க்க இரு அரசுகளின் அதிகாரிகளும், விவசாயி, நூற்பாளர், நெசவாளர் ஆகிய மூன்று தரப்பின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமரும் நிலைக்குழு ஒன்றை அமையுங்கள். பிரதிநிதிகளில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதன் முதல் கூட்டத்தை அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே நடத்த வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்பா மறுப்பா என்பதையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். அந்தப் பதிலைத் தமிழில் அச்சிட்டு எல்லாப் பட்டுக்கூடு அங்காடிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்ட வேண்டும்.