சளி மருந்தைப் பற்றி நாங்கள் கேட்காத கேள்வி

2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். ‘கோல்ட்ரிஃப்’ என்ற அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டையெத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு, தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் 48.6 சதவீதம் இருந்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் மருத்துவப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் ஆலையைப் பற்றி, உரிமத்தைப் பற்றி, கைதைப் பற்றியெல்லாம் எழுதினோம். 1972-ல் சென்னையிலேயே இதே நஞ்சுக்கு 15 குழந்தைகள் பலியானதைச் சிலர் நினைவூட்டினோம். எல்லாமே எழுத வேண்டியவைதான். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் இருந்தது சாதாரணச் சளியும் காய்ச்சலும். மருந்தில் நஞ்சு கலக்காமலே இருந்திருந்தாலும், அது அவர்களுக்குத் தேவைப்பட்டதா? இதை நாங்கள் கேட்கவில்லை.

பதில் பல வருடங்களாகக் கண்ணெதிரே கிடந்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குக் கடையில் வாங்கும் சளி, இருமல் மருந்து கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2008 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. அதே ஆண்டு அங்குள்ள கம்பெனிகளே நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போட ஒப்புக்கொண்டன. இங்கே 2023 டிசம்பரில், குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என லேபிளில் எச்சரிக்கை அச்சிடும்படி மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. கோல்ட்ரிஃபில் பாராசிட்டமாலோடு சேர்ந்திருந்தவை அந்த இரண்டும்தான். அந்தச் செய்தி வந்தபோது அதைத் துண்டுச் செய்தியாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம்.

சாயங்காலம் எந்த மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும் பார்க்கலாம். “அண்ணே, பாப்பாவுக்குச் சளிக்கு ஏதாச்சும் குடுங்க.” “எத்தனை வயசும்மா?” “ஒன்றரை.” “காலையில ரெண்டரை எம்.எல்., ராத்திரி ரெண்டரை. மூடியிலயே கோடு போட்டிருக்கும் பாருங்க.” இளஞ்சிவப்பு நிறத்தில் பாட்டில், இனிப்பு வாசனை. எச்சரிக்கை இருந்தால் அது ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பாட்டிலைத் திருப்பினால்தான் கண்ணில் படும். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் போடும் வசதி எங்கள் கையில் வாராவாரம் இருந்தது.

சளி ஒரு கணக்கோடு வந்துபோகிற நோய். முதல் நாள் மூக்கு ஒழுகும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். பிள்ளை படுக்காது; இருமி இருமி, குடித்த பாலையும் சளியோடு கக்கும். பெற்றவர்கள் மருந்துக்கு ஓடுவது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு அது தானாகவே இறங்க ஆரம்பிக்கும், இருமல் மட்டும் சில சமயம் இரண்டு வாரம் இழுக்கும். உச்சத்தில் எதைக் கொடுத்தாலும், அடுத்த இரண்டு நாளில் அந்த மருந்து ‘கேட்ட’ மாதிரியே தெரியும்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் குழந்தை மருத்துவர் இயன் பாலும் அவரது குழுவினரும் 2004-ல் 100 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், இருமலுக்குப் பேர்போன இரண்டு மருந்துகளும் வெறும் இனிப்புச் சிரப்பைவிட ஒரு துளியும் மேலாக இல்லை. மூன்று குழுவிலும் பிள்ளைகளுக்கு மறுநாள் இரவு இருமல் குறைந்திருந்தது. 2014-ல் வந்த இன்னொரு ஆய்வு, கைக்குழந்தைகள் முதல் நான்கு வயது நிரம்பாதவர்கள் வரை பார்த்தது. மருந்தே இல்லாமல், நிறம் சேர்த்த தண்ணீரைக் கொடுத்த வீட்டில்கூட, எதுவும் கொடுக்காத வீட்டைவிடப் பிள்ளைக்குத் தேவலை என்று பெற்றோர் சொன்னார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற தாய்க்கு, எதையாவது கொடுத்தோம் என்பதே பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நான் சிறிதாக நினைக்கவில்லை. அதை மருந்தின் குணம் என்று நாங்கள் எழுதியதுதான் தவறு.

கம்பெனி மருந்தை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. மழைக்காலம் வந்தால் ‘பாட்டி வைத்தியம்’ என்று ஒரு பக்கம் ஒதுக்குவோம். துளசிச் சாறு, கற்பூரவல்லி, தேனில் குழைத்து நாக்கில் தடவுதல். எந்த வயதுப் பிள்ளைக்கு என்று பெரும்பாலும் எழுதியதில்லை. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இரவு இருமலில் தேன் ஓரளவு இதம் தருகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கோ தேனே ஆகாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலினம் கிருமியின் வித்துகள் அந்தச் சின்னக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரந்தால், குழந்தை துவண்டுவிடும், மூச்சுத் தசைகளே ஓய்ந்துபோகலாம். அரிதுதான். ஆனாலும் 1976-லேயே அடையாளம் காணப்பட்ட நோய் இது. ‘ஒரு வயதுக்கு மேல் மட்டும்’ என்று நான்கு சொல் சேர்க்க எங்கள் பக்கத்தில் இடமில்லாமல் போகவில்லை. பாட்டியின் அனுபவத்தைக் கேள்வி கேட்டால் வாசகர் மனம் நோகும் என்று ஒதுங்கினோம். கொடுக்காமல் விட்ட பிள்ளைக்கு எத்தனை நாளில் சரியானது என்று சிரப்பைப் பார்த்துக் கேட்க வேண்டியதை, கஷாயத்தையும் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

‘ஒன்றும் கொடுக்க வேண்டாம், பொறுத்திருங்கள்’ என்று சொல்கிற டாக்டரின் பேட்டிக்குத் தலைப்பு வைப்பது சிரமம். அதனால் அந்த வரிகளை வெட்டினோம். அவர் சொன்ன மற்றவையும் அதோடு போயின: அடிக்கடி தாய்ப்பால், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, காய்ச்சல் இருந்தால் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால். எப்போது பொறுத்திருக்கக் கூடாது என்பதும் போயிற்று.

கிராம சுகாதாரச் செவிலியர்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கு அது. பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.