கப்டனின் இராஜினாமாக்கள்

பதவியை ஏற்றதால் புகழ் பெற்ற அரசியல்வாதிகள் பலர். அதைத் துறந்ததால் புகழ் பெற்றோர் மிகச் சிலர். பஞ்சாப் மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் கப்டன் அமரீந்தர் சிங் அச்சிலருள் ஒருவர். ஓர் இராஜினாமாவுக்கு மதிப்பைத் தருவது எது என்ற வினாவை அவரது அரசியல் வாழ்வு நம்முன் வைக்கின்றது.

1942 இல் பட்டியாலா அரச குடும்பத்தில் பிறந்த அவர், 1963 இல் சீக்கிய ரெஜிமென்ரில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1965 இன் தொடக்கத்தில் விலகினார். அதே ஆண்டில் பாகிஸ்தானுடன் போர் மூண்டதும் தாமாகவே படைக்குத் திரும்பினார். போர் ஓய்ந்தபின் மீண்டும் விலகினார். மிகக் குறுகிய சேவைதான். ஆயினும் போர் வந்தபோது திரும்பி வந்தவர் என்ற மதிப்பும் 'கப்டன்' என்ற பட்டமும் அவரை விட்டு நீங்கவில்லை.

1980 இல் அவர் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் சென்றார். 1984 யூனில் இந்திய இராணுவம் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் புகுந்தது. தாம் சேவையாற்றிய இராணுவம், தாம் சார்ந்த கட்சியின் கட்டளைப்படி, தமது மதத்தின் திருத்தலத்துள் நுழைந்ததை அவரால் ஏற்க இயலவில்லை. பாராளுமன்றப் பதவியையும் கட்சியையும் ஒருங்கே துறந்தார். பின்னர் அகாலிதளத்தில் சேர்ந்து மாநில அமைச்சரானார். 1986 இல் அந்த அரசே பொற்கோயிலுக்குள் பொலிஸாரை அனுப்பியபோது அமைச்சர் பதவியையும் உதறினார். இவ்விரண்டையும் பஞ்சாபியர் இன்றும் மறக்கவில்லை.

ஆனால் 1998 இல் அவர் காங்கிரசுக்கே திரும்பினார். தாம் தொடங்கிய தனிக்கட்சி தேர்தலில் படுதோல்வியுற்ற பின்னரே அத்திரும்புகை நிகழ்ந்தது. 2002 இல் முதலமைச்சரானார். 1982 இல் சட்லெஜ்-யமுனை இணைப்புக் கால்வாய்க்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியபோது அருகில் நின்றவர் அவர். 2004 இல் நதிநீர் ஒப்பந்தங்களை இரத்துச் செய்யும் சட்டத்தைப் பஞ்சாப் சட்டசபையில் நிறைவேற்றியவரும் அவரே. அச்சட்டம் செல்லாதென 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்ததும் பாராளுமன்றப் பதவியை மீண்டும் துறந்தார். ஆனால் அப்போது மாநிலத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. 1984 இல் அவர் இழந்தது அதிகம். 2016 இல் இழக்க அதிகம் இருக்கவில்லை.

2017 இல் 117 ஆசனங்களில் 77 ஐக் காங்கிரஸ் வென்றது. கப்டன் மீண்டும் முதலமைச்சரானார். போதைப்பொருள் வணிகத்தின் முதுகெலும்பை நான்கு வாரங்களில் முறிப்பதாக, புனித நூலைக் கையிலேந்தி அவர் சூளுரைத்திருந்தார். நான்கு ஆண்டுகள் சென்றும் அச்சூளுரை நிறைவேறவில்லை. கட்சிக்குள் எதிர்ப்பு வலுத்தது. 2021 செப்டெம்பரில், தாம் அவமதிக்கப்பட்டதாகக் கூறி அவர் பதவி விலகினார்.

முன்னைய இராஜினாமாக்கள் கோயிலுக்காகவும் நீருக்காகவும் எழுதப்பட்டவை. இது தமக்காக எழுதப்பட்டது. பின்னர் புதுக்கட்சி தொடங்கி, வேளாண் சட்டங்களுக்கெதிராக விவசாயிகள் ஓராண்டுக்கு மேலாக டில்லி எல்லையில் யாரை எதிர்த்துக் கிடந்தார்களோ, அந்தப் பாரதிய ஜனதாவுடன் கூட்டுச் சேர்ந்தார். 2017 இல் 52,000 க்கும் அதிகமான வாக்குகளால் அவரை வெல்ல வைத்த பட்டியாலா, 2022 இல் ஏறத்தாழ 20,000 வாக்குகளால் தோற்கடித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் தமது கட்சியையும் பாரதிய ஜனதாவுடன் இணைத்தார்.

கப்டனைக் கோழையென்றோ சந்தர்ப்பவாதியென்றோ ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நியாயமாகாது. 1984 இல் அவர் செய்ததைச் செய்யத் துணிந்தோர் மிகச் சிலர். ஆனால் படையில் ஒருமுறை காட்டிய தீரம் வாழ்நாள் முழுவதற்கும் பட்டமாக நிலைக்கலாம். அரசியலில் அவ்வாறு நிலைப்பதில்லை. அங்கே ஒவ்வொரு நாளும் புதிதாகக் கணக்குக் காட்டவேண்டும்.

விட்டுவருதல் என்பதன் விலையை அறிந்தவர்கள் நாம். ஆகவே பதவி துறந்து வரும் தலைவருக்கு மாலை சூட்டுமுன் இரண்டு கேள்விகளை நாம் கேட்பது நல்லது. அவர் எதை இழந்தார்? யாருக்காக இழந்தார்? பட்டியாலா வாக்காளர் இவற்றைக் கேட்டார்கள். விடையையும் தாங்களே எழுதினார்கள்.