முழுக்கக் கழட்டாதேங்கோ

பழைய அமெரிக்கக் கார் ஒண்டை வாங்கி, வீட்டுக் கராஜில வைச்சுத் திருத்தப் போறம் எண்டு எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் இப்ப வெளிக்கிட்டிருக்கினம். நல்ல விசயம். லீசுக்கு ஒரு காரை எடுத்து, அதில ஒரு கீறல் விழாமல் மூண்டு வருசம் பயந்து பயந்து ஓடித் திருப்பிக் குடுக்கிறதை விட இது எவ்வளவோ மேல். ஆனா அவையளுக்கு எனக்குச் சொல்லக் கிடக்கிறது ஒண்டுதான். காரை முழுக்கக் கழட்டாதேங்கோ.

எல்லாரையும் கெடுக்கிறது ரிவியும் யூரியூப்பும்தான். அதில பார்த்தால் முதல் நாளே எஞ்சின் வெளியில, கதவு வெளியில, கண்ணாடி வெளியில. பிறகு வெறும் உடம்பை ஒரு கம்பியில கொழுவிச் சுத்திச் சுத்தி வேலை செய்வினம். அந்தச் சாமானுக்குப் பேரும் ரொட்டிசரிதான், நாங்கள் கடையில கோழி சுடுறதே, அதே பேர். பார்க்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா அங்க பின்னால பத்துப்பேர் சம்பளத்துக்கு நிக்கினம். பெயின்ற் அடிக்கத் தனி அறை இருக்கு. எங்களுக்கு? ஒரு கார் விடுற கராஜ், அதில பாதி இடத்தில பிள்ளையளின்ர சைக்கிளும் அரிசி மூட்டையும். வேலை முடிஞ்சு இரவு பதினொரு மணிக்கு வந்து, நாரி முறிஞ்ச நோவோட ஒரு மணித்தியாலம் வேலை. தை மாசத்தில ஸ்பானரைக் கையால தொடேலாது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை 66ஆம் ஆண்டு மஸ்ராங் ஒண்டை ஓடவே கொண்டுவந்து இறக்கினவர். ஓடின கார் அது. முதல் கிழமையே பிரிச்சுப் போட்டார். இப்ப ஒன்பது வருசம். முப்பது, நாப்பது பெட்டி. எந்த ஆணி எந்தத் துளைக்கு எண்டு ஆருக்கும் தெரியாது. "என்னப்பா, உந்த இரும்பை எப்பதான் எடுக்கப் போறியள்?" எண்டு அக்கா கேக்கிறதை நிப்பாட்டியே நாலு வருசம். விக்கவும் ஏலாது. ஓடுற காரை வாங்க ஆள் இருக்கு, பெட்டியில கிடக்கிற காரை அரைவிலைக்கும் ஆரும் கேக்கமாட்டினம். விளம்பரங்களைப் பாருங்கோ, 'பாதி வேலை முடிஞ்சுது, நேரமில்லாததால் விற்பனைக்கு' எண்டு எத்தினை கார் வருது. அதில பாதி வேலை எண்டது கழட்டின பாதிதான்.

மஸ்ராங்கை நான் உதாரணத்துக்கு எடுக்கக் காரணம் இருக்கு. என்னட்டையும் ஒண்டு நிக்குது, ஆறு சிலிண்டர்க்காரி. மற்றது, வீட்டில வைச்சுத் திருத்த இதைவிட லேசான அமெரிக்கக் கார் கிடைக்கிறது கஷ்டம். 1964 ஏப்ரல் 17 நியூயோர்க் உலகக் கண்காட்சியில போர்ட் கொம்பனி இதை வெளிவிட்டது, விலை 2,368 டொலரில இருந்து. 1966 மார்ச்சுக்குள்ள பத்து லட்சம் கார் செய்து முடிச்சிட்டினம். 66ஆம் ஆண்டு மொடல் மட்டுமே ஆறு லட்சத்துக்கு மேல. உள்ளுக்க இருக்கிறது பெரும்பாலும் பால்கன் எண்ட சாதாரண வீட்டுக் காரின்ர சாமான். அதால அபூர்வமும் இல்லை, சிக்கலும் இல்லை. பொனற்றைத் திறந்தால் பெற்றோல் எங்கால போகுது, நெருப்பு எங்கால வருது எண்டு கண்ணாலயே பிடிக்கலாம்.

ஊரில 90இல தடை வந்தாப் பிறகு கராஜுகள் எப்பிடி நடந்தது எண்டு எங்கட வயசு ஆக்களுக்கு நினைவிருக்கும். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் ஏ-40உம். பெற்றோல் போத்திலில துளித்துளியா. ஸ்ராட் பண்ண மட்டும் காபரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல், பிடிச்சாப் பிறகு மண்ணெண்ணெய். (கொம்பிரசன் குறைஞ்ச பழைய எஞ்சின் எண்டபடியால்தான் அது தாங்கினது. என்ர மஸ்ராங்குக்கு ஊத்தினால் இடிச்சே செத்திடும்.) அந்த மெக்கானிக்மார் ஒருநாளும் ஒரு காரை முழுக்கப் பிரிச்சதை நான் காணேல்லை. பிரிக்க வசதியில்லை, அந்தக் கார் நாளைக்கு ஆரையோ ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவேணும். பழுதான ஒண்டைக் கழட்டுவினம், கடைசல் பட்டறையில குடுத்துச் செய்விப்பினம், பூட்டுவினம், விடுவினம். சின்னப்பெடியனாப் பக்கத்தில நிண்டு பார்த்தது அவ்வளவுதான். எண்டாலும் இஞ்ச விக்கிற திருத்தல் புத்தகங்களில எனக்கு அதுக்கு மேல ஒரு முறை கிடைக்கேல்லை.

அந்த முறைப்படி முதல் வேலை பிறேக். பெயின்றும் இல்லை, எஞ்சினும் இல்லை. 66 வரைக்கும் வந்த மஸ்ராங்குக்குப் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரில ஒரே ஒரு அறை. நாலு சில்லுக்கும் ஒரே எண்ணெய். ஒரு ரப்பர் குழாய் வெடிச்சால் கால் நிலத்தில முட்டும், நாலு சில்லிலயும் பிறேக் இல்லை. 67ஆம் ஆண்டு மொடலுக்குத்தான் ரண்டு அறை வந்தது, 1968 தையில இருந்து அமெரிக்காவில அது சட்டமாவே வந்தது. கார்க் கண்காட்சியில நிக்கிற பெரிய மனுசர் 'அசல் கெட்டுப்போகும்' எண்டு சொல்லுவினம். கெடட்டும். ரண்டு அறை மாஸ்ரர் சிலிண்டரும், ஏலுமெண்டால் முன்னுக்கு டிஸ்க் பிறேக்கும் போடுங்கோ. செற்றாவே விக்கினம். ஆறு சிலிண்டர்க் காரின்ர சில்லுக்கு நாலு நட், வி8க்கு அஞ்சு நட். ஓடர் பண்ண முதல் எண்ணிப் பாருங்கோ. ரப்பர்க் குழாய் மூண்டையும் கண்ணை மூடிக்கொண்டு மாத்துங்கோ. வெளியில நல்லாத் தெரியும், உள்ளுக்க வீங்கிப்போய் எண்ணெயைப் போகவிட்டுத் திரும்ப வரவிடாது.

இன்னொண்டு. பழைய டிரம்மைத் திறக்கேக்க உள்ளுக்கிருக்கிற தூசியைக் காத்தடிச்சு ஊதவே ஊதாதேங்கோ. அந்தக் காலத்துப் பிறேக் சூவில அஸ்பெஸ்ரஸ் இருந்தது. நனைச்சுத் துடைச்சு, துடைச்ச துணியைப் பையில கட்டி எறியவேணும். அப்பா வேலை செய்யிற இடத்தில பிள்ளையள் வந்து விளையாடுற கராஜ் இது. கனடாவில அஸ்பெஸ்ரஸ் சாமான்களை 2018 கடைசியிலதான் தடை செய்தவை எண்டதையும் நினைவில வைச்சிருங்கோ, பழைய ஸ்பெயர் பாட்ஸ் பெட்டிகளிலயும் அது இருக்கும்.

பிறகு பெற்றோல் ராங்க், குழாய்கள், ரேடியேற்றர், ரயர். ரயரில பூ தேயாமல் இருக்கெண்டு ஏமாறாதேங்கோ, பக்கத்தில இருக்கிற கடைசி நாலு இலக்கம் எந்தக் கிழமை எந்த வருசம் எண்டு சொல்லும். இப்பத்தைப் பெற்றோலில எதனோல் கலக்கிறபடியால் பழைய ரப்பர்க் குழாய் கரைஞ்சு போகும். மஸ்ராங்கில ராங்கின்ர மேல்தகடுதான் டிக்கியின்ர தரை, அதால அங்க துருவும் ஒழுக்கும் சின்ன விசயமில்லை. இதெல்லாம் ஒவ்வொண்டும் ஒரு ஞாயிறு, ரண்டு ஞாயிறு வேலை. என்ர சட்டம் என்னெண்டால், ஒரு வேலை முடிஞ்சு கார் தன்ர நாலு சில்லில நிக்காமல் அடுத்த வேலைக்கு ஸ்பானர் எடுக்கக்கூடாது. சமையலறையிலயும் நாங்கள் அப்பிடித்தானே. ஒரு அடுப்புத் திருத்தேக்க மற்ற மூண்டும் எரியவேணும், இல்லாட்டிக் கடையைப் பூட்டவேணும்.

இந்தச் சட்டத்துக்கு அடங்காத வேலை ஒண்டிருக்கு, கவுல். முன்கண்ணாடிக்குக் கீழ, வைப்பருக்குக் கீழ இருக்கிற தகடுப்பெட்டி. காருக்குள்ள காத்து வாறது அதாலதான், மழைத்தண்ணி வடியிறதும் அதாலதான். இலை குப்பை உள்ளுக்க விழுந்து, ஈரம் நிண்டு, உள்ளுக்கிருந்தே உக்கும். வெளியில ஒண்டும் தெரியாது. பிறகு தண்ணி கால் வைக்கிற இடத்தில இறங்கித் தரையையும் திண்டுபோடும். வாங்கப் போகேக்க ஒரு போத்தில் தண்ணி கொண்டுபோங்கோ. கவுலின்ர ஓட்டைக்குள்ள ஊத்திப்போட்டு உள்ளுக்க கார்ப்பெற்றைத் தூக்கிப் பாருங்கோ. விக்கிறவருக்கு முகம் மாறினால் விடை கிடைச்சிட்டுது. இதைத் திருத்த முன்பக்கம் கனக்கக் கழட்டவேணும், புள்ளி வெல்டிங் ஒவ்வொண்டையும் துளைச்சு எடுக்கவேணும். எனக்கு ஒரு மாரி முழுக்கப் போனது. ஆனா மாரியில றோட்டில உப்புக் கொட்டிறபடியால் கார் எப்பிடியும் வெளியில போகாது, அதால நட்டமில்லை. தரைத் தகட்டை மாத்தேக்க ஒரு பக்கம் வெட்டி, ஒட்டி முடிச்சு, அதுக்குப் பிறகுதான் மற்றப் பக்கம். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடம்பேதான் எலும்பு. ரண்டையும் ஒண்டா வெட்டினால் வளைஞ்சு, பிறகு கதவு பூட்டாது. கூரை மடிக்கிற காரெண்டால் சொல்லத் தேவையில்லை.

'அப்பிடியெண்டால் உள்ளுக்க ஒளிச்சிருக்கிற துரு?' எண்டு கேப்பினம். நியாயமான கேள்வி. சட்டம் போல இருக்கிற கீழ்த் தண்டுகள் உக்கின காருக்கு என்ர முறை சரிவராது, அதை முழுக்கப் பிரிக்காமல் காப்பாத்தேலாது. அதுக்கு என்ர பதில், அந்தக் காரை வாங்காதேங்கோ. ஆறு லட்சம் செய்திருக்கினம், உப்புத் தெரியாத கலிபோர்னியாவிலயும் அரிசோனாவிலயும் இன்னும் நிக்குது. கொண்டுவாற கூலி தகரவேலைக் கூலியை விடக் குறைவு.

இன்னும் ஒரு காரணம் இருக்கு. இண்டைக்கு மஸ்ராங்கின்ர முழு உடம்பையே புதுசா அடிச்சு விக்கினம், டைனாகோர்ன் எண்ட கொம்பனி. கதவு, கண்ணாடி, சீற், எல்லாம் கற்றலொக்கில இருக்கு. எல்லாத்தையும் கழட்டினவன் எல்லாத்தையும் புதுசா வாங்குவான், அது மனுச இயல்பு. கடைசியில மிஞ்சுறது சாரதி பக்கத்துப் பொனற்றுக்குக் கீழத் தகட்டில அடிச்ச இலக்கம் மட்டும். என்ர காரில அது 6T07T எண்டு துவங்குது. 66ஆம் ஆண்டு, நியூ ஜேர்சி மெற்றச்சனில செய்தது, ரண்டு கதவு கூரைக் கார், ஆறு சிலிண்டர். அங்க ஆரோ ஒரு தொழிலாளி வேலை நேரம் முடியிற அவசரத்தில கோணலா வைச்ச வெல்டிங் ஒண்டு இடப்பக்கக் காலடியில இருக்கு. பக்கத்துத் தகட்டை மாத்தேக்க அதை விட்டுத்தான் வெட்டினன். நான் வேலை நேரம் முடியிற அவசரத்தில எத்தினை சோத்துக் கோப்பையைக் கோணலா வைச்சிருப்பன்.

பெயின்ற் கடைசி, அதுவும் வீட்டில வேண்டாம். இப்பத்தை ரண்டு கலவைப் பெயின்றில ஐசோசயனேற் இருக்கு, சாதாரண முகமூடி தடுக்காது, ஒருக்கா ஆஸ்துமா பிடிச்சால் விடாது. காசு சேரும் வரைக்கும் துருப்பிடிக்காமல் பிறைமர் பூசிக்கொண்டு ஓடலாம். என்ர காரின்ர இடப்பக்கக் கதவு ரண்டு வருசமா சாம்பல் நிறம், மிச்சம் நீலம். சிக்னலில நிக்கேக்க பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை இறக்கி என்ன வருசம் எண்டு கேக்கினம், கதவைப் பற்றி இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை.